ஆட்டக்காரர் தேவைப்படாத ஆட்டத்தை ஆடுவது எப்படி?

கட்டம் போட்ட ஒரு தாளும் இரண்டு கைப்பிடி புளியங்கொட்டையும் இருந்தால் போதும், கான்வேயின் ‘கேம் ஆஃப் லைஃப்’ ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். எதிராளி கிடையாது. பகடை கிடையாது. வெற்றி, தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை. பிடித்தபடி காய்களை அடுக்குவது மட்டும்தான் நம் வேலை. அதன்பிறகு எந்தக் காய் இருக்கும், எது போகும், எங்கே புதிதாக முளைக்கும் என்பதையெல்லாம் விதிகளே முடிவுசெய்யும். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கணிதவியலர் ஜான் ஹார்ட்டன் கான்வே வகுத்த இந்த ஆட்டத்தை, 1970 அக்டோபர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் தம் கணித விளையாட்டுப் பத்தியில் அறிமுகம் செய்தார். அன்றிலிருந்து அரை நூற்றாண்டு கடந்தும் அதை ஆடுகிறவர்கள் குறையவில்லை. ஆட்டக்காரருக்குத் தொடக்கத்தில் ஒரே ஒரு வேலைதான் என்றால் இதில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு விதியை அட்சரம் பிசகாமல் அறிந்திருப்பது வேறு, அந்த விதி என்ன செய்யும் என்பதை அறிந்திருப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் இங்கே ஆடுகளம். அந்த இடைவெளி நம் சோம்பலாலோ கணினியின் வேகக் குறைவாலோ வந்ததன்று. அந்த விதிகளிலேயே அடங்கியிருப்பது. அதை நிறுவவும் முடியும்.

முதலில் விதிகள். பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டு அண்டைக் கட்டங்கள் உண்டு: மேலே, கீழே, இரு பக்கங்கள், நான்கு மூலைகள். காய் உள்ள கட்டம் உயிருள்ளது, வெற்றுக் கட்டம் உயிரற்றது. உயிருள்ள கட்டத்துக்கு அண்டையில் 2 அல்லது 3 காய்கள் இருந்தால் அது அடுத்த தலைமுறைக்குப் பிழைக்கும். 1 அல்லது 0 என்றால் தனிமையில் சாகும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் நெரிசலில் சாகும். வெற்றுக் கட்டத்துக்கு அண்டையில் சரியாக 3 காய்கள் இருந்தால் அங்கே புதுக் காய் பிறக்கும். விதிகள் இவ்வளவே. ஒரு நிபந்தனையை மட்டும் புதியவர்கள் தவறவிடுவார்கள்: பிறப்பும் இறப்பும் எல்லாக் கட்டங்களிலும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சாகவேண்டிய காயை உடனே எடுத்துவிட்டால் அடுத்த கட்டத்தின் கணக்கு கெட்டுவிடும். இதைத் தவிர்க்க கார்ட்னரின் பத்தியிலேயே ஒரு வழி சொல்லப்பட்டிருந்தது. கருப்பு, வெள்ளை என இரு நிறக் காய்கள் வேண்டும். சாகப்போகும் கருப்புக் காயின்மேல் இன்னொரு கருப்பை ஏற்றி வைக்க வேண்டும். பிறப்பு நிகழவிருக்கும் வெற்றுக் கட்டத்தில் வெள்ளையை வைக்க வேண்டும். முழுப் பலகையையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தபின், இரட்டைக் காய்களை அள்ளிவிட்டு வெள்ளைகளைக் கருப்பாக மாற்றினால் ஒரு தலைமுறை முடிந்தது. புளியங்கொட்டையோடு சோழியைச் சேர்த்துக்கொண்டால் நம் வீட்டிலும் இது நடக்கும்.

ஒரே வரிசையில் மூன்று காய்களை வைத்துப் பாருங்கள். நடுக்காய்க்கு இரண்டு அண்டைகள், பிழைக்கும். ஓரக் காய்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான், சாகும். நடுக்காயின் நேர் மேலும் நேர் கீழும் உள்ள வெற்றுக் கட்டங்கள் மூன்று காய்களையும் தொடுகின்றன, எனவே அங்கே பிறப்பு. படுத்திருந்த வரிசை எழுந்து நிற்கிறது. அடுத்த தலைமுறையில் மறுபடி படுக்கிறது. இதற்கு ‘பிளிங்க்கர்’ என்று பெயர். நான்கு காய்களை வரிசையாக வைத்தால் இரண்டே தலைமுறைகளில் ஆறு காய்கள் கொண்ட, தேன்கூட்டின் அறை போன்ற உருவமாகி அப்படியே உறைந்துவிடும். ஐந்து வைத்தால் முதல் தலைமுறையில் ஒன்பது காய்கள் கொண்ட சதுரமாகி, பிறகு விரிந்து, கடைசியில் நான்கு பிளிங்க்கர்களாகப் பிரிந்து மின்னும். இதுவரை ஒரு போக்கு தெரிவதுபோல் இருக்கும்: காய்கள் கூடக் கூட விளைவும் பெரிதாகிறது. அந்த நம்பிக்கையோடு ஆறு காய்களை வைத்தால் கொஞ்சம் ஆட்டம் போட்டுவிட்டுச் சுவடே இல்லாமல் அழிந்துபோகும். ஏழு வைத்தால் நான்கு தேன்கூட்டு அறைகள் மிஞ்சும். பத்து வைத்தால் 15 தலைமுறைக்கு ஒருமுறை பழைய உருவுக்கே திரும்பும் நிரந்தர அலைவு ஒன்று கிடைக்கும். காயை ஒவ்வொன்றாகத்தான் கூட்டினோம்; விதி துளியும் மாறவில்லை. ஐந்துக்கு நடந்ததை வைத்து ஆறுக்கு என்ன நடக்கும் என்று ஊகித்தவர் தோற்றார், ஆறை வைத்து ஏழை ஊகித்தவரும் தோற்றார். எதிராளி இல்லாத ஆட்டத்திலும் தோற்க இடமிருக்கிறது.

இந்தத் தோல்வி கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். ஐந்து காய்கள் கொண்ட ‘ஆர்-பென்டோமினோ’ என்ற உருவத்தை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள். நடு வரிசையில் முதல், இரண்டாம் கட்டங்கள். கீழ் வரிசையில் இரண்டாம் கட்டம். கோணல்மாணலான இந்தச் சின்ன உருவத்தின் முடிவு என்ன என்று 1970-இல் கான்வேக்கே தெரியாது. 460 தலைமுறை வரை அதைப் பின்தொடர்ந்தும் அது அடங்கவில்லை என்றே கார்ட்னரின் முதல் கட்டுரை சொல்கிறது. பின்னர் கணினிகள் விடை கண்டன. 1103-ஆம் தலைமுறையில் அது அடங்குகிறது. அப்போது மிஞ்சுபவை நான்கு காய்கள் கொண்ட 8 சதுரங்கள், 4 தேன்கூட்டு அறைகள், 4 பிளிங்க்கர்கள், மூன்று தனி உருவங்கள், பலகையை விட்டு விலகி ஓடிக்கொண்டே இருக்கும் 6 கிளைடர்கள். மொத்தம் 116 காய்கள். வெறும் ஐந்து காய்களிலிருந்து, எந்தச் சீட்டுக் குலுக்கலும் இல்லாமல், இந்தப் பட்டியல் வந்திருக்கிறது. பட்டியலைப் பார்த்தபின்கூட, 1103 ஏன், 900 ஏன் இல்லை என்பதற்கு ‘போட்டுப் பார்த்தோம், வந்தது’ என்பதைவிடச் சுருக்கமான விளக்கம் யாரிடமும் இல்லை.

ஆர்-பென்டோமினோவைத் தொடர்ந்துகொண்டிருந்தபோதுதான் ரிச்சர்ட் கை என்ற கணிதவியலர் கிளைடரைக் கண்டார். ஐந்து காய்கள்: மேல் வரிசையின் நடுவில் ஒன்று, அடுத்த வரிசையின் வலது ஓரத்தில் ஒன்று, கீழ் வரிசையில் மூன்று. விதிகளைப் பொருத்தினால் மேலே இருந்த காயும் கீழ் வரிசையின் இடது காயும் சாகின்றன. நடு வரிசையின் இடது ஓரத்திலும், கீழ் வரிசைக்கு அடியில் நடுவிலும் இரண்டு பிறக்கின்றன. இப்படியே நான்கு தலைமுறை போனால் அதே உருவம் ஒரு கட்டம் வலப்பக்கமும் ஒரு கட்டம் கீழுமாக நகர்ந்து நிற்கிறது. கவனிக்க வேண்டியது இது: நகர்வு என்ற சொல் விதிகளில் எங்குமே இல்லை. எந்தக் காயும் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. பிறக்கும், இருக்கும், சாகும், அவ்வளவுதான். ஆனாலும் பலகையின் குறுக்கே ஏதோ ஒன்று பயணம் செய்கிறது. விதிகளை மட்டும் மனப்பாடம் செய்த ஒருவர், காய்களைத் தொடாமலே, ‘இதில் நகரும் பொருள் ஒன்று உண்டு’ என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார் என்பதற்கு, விதிகளை வகுத்தவர்களே அதைத் தற்செயலாகத்தான் கண்டார்கள் என்பதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜ் குழுவினர் கையோடு பி.டி.பி.-7 கணினியின் உதவியையும் பெற்றார்கள். அதற்கு நிரல் எழுதிக் கொடுத்த இருவரில் ஒருவர் ஸ்டீவ் பார்ன். யூனிக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘பார்ன் ஷெல்’ வழியாக இந்தப் பெயர் பழக்கமானது.

விதி செய்தவரையே விதி ஏமாற்றியதற்கு இன்னும் துலக்கமான சான்று உண்டு. எந்தத் தொடக்க உருவமும் எல்லையில்லாமல் வளராது என்பது கான்வேயின் ஊகம். அதை அந்த ஆண்டு முடிவதற்குள் மெய்ப்பிப்பவருக்கோ பொய்ப்பிப்பவருக்கோ 50 டாலர் பரிசு என்று கார்ட்னரின் பத்தி வழியே அறிவித்தார். நவம்பரிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பில் காஸ்பரும் அவருடைய சகாக்களும் பரிசைத் தட்டிச் சென்றார்கள். அவர்கள் காட்டிய உருவம் ஒரு துப்பாக்கி: தன் இடத்திலேயே நின்று அலைந்தபடி, 30 தலைமுறைக்கு ஒன்று என்ற கணக்கில் கிளைடர்களைச் சுட்டுக்கொண்டே இருக்கும். பலகைக்கு எல்லை இல்லையென்றால் காய்களின் எண்ணிக்கைக்கும் எல்லை இல்லை. கான்வே சாமானியர் அல்லர். குலக் கோட்பாட்டிலும் எண் கோட்பாட்டிலும் தடம் பதித்தவர். பல மாதங்கள் பலவகை விதிகளைப் பலகையில் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த விதி இது. அவருடைய ஊகமே சில வாரங்களில் விழுந்தது என்றால், விதியை அறிவதும் விளைவை அறிவதும் ஒன்றல்ல என்ற வாதத்துக்கு வலு கூடுகிறது.

இதற்கு உடனே எழும் மறுப்பு: ‘அதெல்லாம் கையால் காய் நகர்த்திய காலத்துக் கதை. இன்றைய கணினிக்கு 1103 தலைமுறை என்பது கண் இமைக்கும் நேரம். விளைவு தெரியாது என்பது வேகம் போதாது என்பதன் இன்னொரு பெயர்தானே?’ இதில் பாதி உண்மை. காஸ்பரே 1984-இல் வெளியிட்ட ‘ஹேஷ்லைஃப்’ என்ற வழிமுறை, பலகையில் ஒரு துண்டு எங்கெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறதோ அங்கெல்லாம் பழைய கணக்கையே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். ஒழுங்கான உருவங்களை அது கோடிக்கணக்கான தலைமுறைகள் ஒரே மூச்சில் தாண்டவைக்கும். ஒழுங்கற்ற கலவரத்தில் அதன் பாச்சா பலிக்காது. ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். மறுப்பின் மீதிப் பாதியைத் தகர்ப்பது வேறொன்று. கிளைடர் வரிசையைச் செய்தியாகக் கொள்ளலாம்: கிளைடர் வந்தால் 1, வராவிட்டால் 0. இரண்டு கிளைடர்கள் குறிப்பிட்ட கோணத்தில் மோதினால் இரண்டும் அழியும். துப்பாக்கியையும் இந்த மோதலையும் சேர்த்தால் கணினிச் சுற்றுகளில் உள்ள தர்க்க வாயில்களைக் கட்டிவிடலாம். அப்படிக் கட்டி, எந்தக் கணினியும் செய்யும் கணக்கை லைஃப் பலகையும் செய்யும் என்று கான்வேயும் சக கணிதவியலர்களான பெர்லெகாம்ப், ரிச்சர்ட் கை ஆகியோரும் 1982-இல் வெளிவந்த தங்கள் நூலில் காட்டினார்கள். 2000-இல் பால் ரெண்டெல் லைஃப் பலகைமேல் கணினியின் எளிய கோட்பாட்டு வடிவமான டூரிங் எந்திரம் ஒன்றையே காய் காயாக அமைத்து ஓட்டிக் காட்டினார்.

இதன் பின்விளைவு பெரிது. ஒரு நிரல் என்றாவது நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று எல்லா நிரல்களுக்கும் விடை சொல்லும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்று 1936-இல் ஆலன் டூரிங் நிறுவினார். லைஃப் பலகை எந்த நிரலையும் ஓட்டவல்லது என்றால் அதே தடை இங்கேயும் வந்துவிடுகிறது: எந்தத் தொடக்க உருவத்தைக் கொடுத்தாலும் அது அழியுமா, பிழைக்குமா என்று சரியாகச் சொல்லும் பொது வழிமுறை கிடையாது. இது கணினியின் வேகத்தைப் பற்றிய கூற்றல்ல. இன்னும் நூறு ஆண்டு கழித்து வரும் கணினிக்கும் இதுவே பொருந்தும். ஒரு குறிப்பிட்ட உருவத்தின் கதியை நாம் கண்டுபிடிக்க முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பல உருவங்களின் கதி நன்றாகவே தெரியும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சாவி இல்லை என்பதுதான் பொருள். விளைவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருப்பதும், அதை முன்கூட்டியே அறிய முடியாததும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. ஆனால் எத்தனை பேர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்! உலகம் விதிப்படி இயங்குகிறது என்றால் எல்லாவற்றையும் கணித்துவிடலாம் என்று வாதிடுவோரும், கணிக்க முடியவில்லை என்றால் விதியே இல்லை என்று வாதிடுவோரும் இந்தப் பலகையை ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது.

கூர்மையான வாசகர் இங்கே குறுக்கிடலாம்: டூரிங்கின் தடை எல்லையற்ற பலகைக்குத்தான், நம் திரை எல்லையுள்ளதாயிற்றே? சரியான கேள்வி. எல்லையுள்ள பலகையில் சாத்தியமான நிலைகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எனவே ஆட்டம் எப்போதாவது பழைய நிலைக்குத் திரும்பியே தீரும், அங்கிருந்து சுழலும். கோட்பாட்டளவில் எல்லாமே கணிக்கத்தக்கதுதான். ஆனால் 20-க்கு 20 என்ற சின்னப் பலகையில்கூட 400 கட்டங்கள், ஒவ்வொன்றும் இருநிலை, மொத்த நிலைகளின் எண்ணிக்கை 2-இன் 400-ஆம் அடுக்கு, அதாவது 121 இலக்கங்கள் கொண்ட எண். எல்லா நிலைகளையும் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு விடை சொல்வது நடக்கிற காரியமல்ல. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். கோட்பாட்டுத் தடை விலகிய இடத்தில் நடைமுறைத் தடை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை வேறு திசையிலிருந்து வருகிறது. ஓட்டிப் பார்க்காமலே, வெறும் யோசனையால் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சில செய்திகளை அறிய முடியும், அறிந்தும் இருக்கிறார்கள். ஒரு கட்டத்தின் செல்வாக்கு ஒரு தலைமுறையில் ஒரு கட்டத்துக்கு மேல் பரவாது என்பதால், பலகையில் எதுவும் அந்த வேகத்தைத் தாண்டாது. ஆட்டக்காரர்கள் இதை ‘ஒளியின் வேகம்’ என்பார்கள். வெற்றிடத்தில் பயணிக்கும் உருவம் நேர்த்திசையில் அதில் பாதியையும், மூலைத்திசையில் கால் பங்கையும் தாண்ட முடியாது என்றும் நிறுவப்பட்டிருக்கிறது. கிளைடர் அந்தக் கால் பங்கு வேகத்தில்தான் போகிறது. இதைவிட அழகானது ‘ஏதேன் தோட்டம்’ பற்றிய தேற்றம். வெற்றுப் பலகையின் முந்தைய தலைமுறை என்ன என்று யோசியுங்கள். அது வெற்றாகவே இருந்திருக்கலாம். தனிக்காய் ஒன்று இருந்து செத்திருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு இருந்து செத்திருக்கலாம். ஆக, இந்த ஆட்டத்தில் எதிர்காலம் ஒன்றே ஒன்று, கடந்தகாலங்களோ பல. வெவ்வேறு கடந்தகாலங்கள் இப்படி ஒரே நிகழ்காலத்தில் வந்து சேருமானால், கடந்தகாலமே இல்லாத நிலைகளும் இருந்தாக வேண்டும் என்று எட்வர்ட் மூர் 1962-இல் நிறுவினார். லைஃப் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே. ஏதேன் தோட்டம் என்பது இதுதான்: நாம் கையால் அடுக்கினால் உண்டே தவிர, ஆட்டத்தின் ஓட்டத்தில் ஒருபோதும் தோன்ற முடியாத உருவங்கள். 1971-இல் எம்.ஐ.டி.யின் ரோஜர் பேங்க்ஸ் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார். எனவே ‘ஓட்டிப் பார்த்தால்தான் எதுவும் தெரியும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது தவறு. விதிகள் எல்லைகளைச் சொல்லும், கூடாதவற்றைச் சொல்லும். ஒரு குறிப்பிட்ட உருவத்தின் வாழ்க்கைக் கதையைத்தான் சொல்லாது. இடைவெளி இருக்கிறது, ஆனால் அதன் கரைகளைச் சிந்தனையால் அளக்கலாம்.

இன்னொரு மறுப்பும் புறக்கணிக்கத்தக்கதல்ல. ஆயிரம் விதிகளைப் பார்த்து, அவற்றில் ரசமான ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ‘பாருங்கள், எளிய விதியிலிருந்து எவ்வளவு சிக்கல்!’ என்று வியப்பது நாமே வைத்ததை நாமே எடுத்துக் காட்டுவதாகாதா? லைஃப் போல, அண்டைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிறப்பையும் பிழைப்பையும் தீர்மானிக்கும் விதித்தொகுதிகள் மொத்தம் 2,62,144. பிறப்புக்கு 3 என்பதற்குப் பதில் 2 என்று வைத்தால் காய்கள் பலகையெங்கும் வெடித்துப் பரவும். 4 என்று வைத்தால் எந்த உருவமும் தன் எல்லையைத் தாண்டி வளராது. கான்வே தேடியது இந்த இரண்டுக்கும் இடையிலான குறுகலான பகுதியை. எளிதில் அழியவும் கூடாது, எளிதில் வெடிக்கவும் கூடாது. ஆகவே தேர்வு நடந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது ‘முன்கூட்டிச் சொல்ல முடியாமை’ என்ற பொதுக் குணத்தை மட்டுமே. கிளைடரையோ துப்பாக்கியையோ டூரிங் எந்திரத்தையோ அவர் விதிக்குள் ஒளித்து வைக்கவில்லை. தவிர, இதைவிட எளிய அமைப்புகளிலும் இதே குணம் தென்படுகிறது. ஒரே வரிசைக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இடம் வலமாக இரண்டே அண்டைகள் என்று சுருக்கினால் மொத்தம் 256 விதிகள்தான் உண்டு. அவற்றில் 110 என்ற எண் பெற்ற விதியும் எந்தக் கணினியும் செய்வதைச் செய்யவல்லது என்று மேத்யூ குக் நிறுவினார். அந்த நிரூபணம் 2004-இல் வெளியானது. 256-இல் ஒன்று என்பது கோடியில் ஒன்றல்லவே.

இயற்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியில்தான் அளந்து பேச வேண்டியிருக்கிறது. ‘லைஃப்’ என்ற பெயர் கொஞ்சம் அதிகப்படி. செடியும் புழுவும் இந்த விதிப்படி வாழ்வதில்லை. பிரபஞ்சமே ஒரு ‘செல்லுலார் ஆட்டோமேட்டன்’, அதாவது லைஃப் போல அண்டைக் கட்டங்களைப் பார்த்து மாறும் கட்டங்களின் அமைப்பு என்று ஸ்டீபன் வொல்ஃப்ராம் முதலானோர் முன்வைக்கும் கருத்து இன்றுவரை கருத்து மட்டுமே. ஆனால் அண்டையைப் பார்த்து அடுத்த நிலையைத் தீர்மானித்தல் என்ற அச்சு பயன்படும் இடங்கள் உண்டு. 1992-இல் கை நாகலும் மிஷாயில் ஷ்ரெக்கென்பெர்க்கும் நெடுஞ்சாலையை 7.5 மீட்டர் நீளக் கட்டங்களாகப் பிரித்தார்கள். முடிந்தால் வேகம் கூட்டு, முன் வண்டியை இடிக்காதபடி குறை, அவ்வப்போது காரணமின்றிக் கொஞ்சம் குறை, பிறகு நகர் என்ற விதிகளைக் கொடுத்தார்கள். விபத்தோ குழியோ இல்லாமலே போக்குவரத்து நெரிசல் தானாக உருவாகி, வண்டிகள் முன்னே போக, நெரிசல் பின்னோக்கி நகர்ந்தது. இங்கும் நெரிசல் என்ற சொல் விதிகளில் இல்லை. 2017-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷெல் மிலின்கோவிச் குழுவினர், ஐரோப்பியப் பல்லியினம் ஒன்றின் முதுகுச் செதில்கள் அண்டைச் செதில்களின் நிறத்தைப் பொறுத்துப் பச்சையாகவும் கருப்பாகவும் மாறுகின்றன என்று ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். பல்லி தன் முதுகில் ஓர் ஆட்டோமேட்டனை ஓட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றிலிருந்து லைஃப் பலகை உண்மையுலகின் நகல் என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளூர் விதியை மட்டும் பார்த்து மொத்தப் போக்கை ஊகிப்பவர் சறுக்கும் வாய்ப்பு உண்மையுலகிலும் உண்டு என்ற அளவில் நின்றுகொள்வதே நேர்மை.

சரி, ஆடுவது எப்படி? திரையில் ஆட ‘கோலி’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஹேஷ்லைஃப் வழிமுறையும் அதில் உண்டு. இணைய உலாவியிலேயே ஓடும் எளிய வடிவங்களும் ஏராளம். ஆனால் அவற்றில் ஒரு பொறி உண்டு. பல வடிவங்களில் பலகையின் வலது ஓரம் இடது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் ஒட்டப்பட்டிருக்கும். ஓரத்தைத் தாண்டிய கிளைடர் மறுபக்கம் நுழைந்து, அடங்கியிருந்த உருவங்களை இடித்துக் கலைத்துவிடும். சின்னத் திரையில் ஆர்-பென்டோமினோவை ஓட்டிவிட்டு ‘1103-இல் அடங்கவில்லையே’ என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஓரங்களின் நடத்தையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்ததாக, ஓட்டும் பொத்தானை அழுத்தாமல் ஒருபடி மட்டும் முன்னேற்றும் பொத்தானைப் பழகுங்கள். ஒவ்வொரு படிக்கும் முன்னால், எவை சாகும், எங்கே பிறக்கும் என்று மனத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். ஊகிக்காமல் ஓடவிட்டுப் பார்ப்பது வெறும் வேடிக்கை. ஊகித்துவிட்டு ஓட்டுவதுதான் ஆட்டம். ஊகம் பொய்க்கும் இடத்தில் நிறுத்தி, எந்தக் கட்டத்தின் எண்ணிக்கையைத் தவறவிட்டோம் என்று பின்னோக்கிப் பாருங்கள். சில மாலைகளிலேயே நான்கு காய்ச் சதுரமும் தேன்கூட்டு அறையும் எண்ணாமலே கண்ணில் படத் தொடங்கும்.

அந்தப் பழக்கம் வந்தவர்கள் வேறொரு தளத்துக்குப் போகிறார்கள். இருப்பதைப் பார்ப்பதிலிருந்து, இல்லாததைக் கட்டுவதற்கு. 2010-இல் ஆண்ட்ரூ வேட் கட்டிய ‘ஜெமினி’ என்ற உருவம் 3,36,99,586 தலைமுறைகளில் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கிவிட்டுப் பழையதை அழித்துக்கொள்கிறது. தன்னைத்தானே படியெடுக்கும் எந்திரம் என்பது 1940-களில் ஜான் வான் நாய்மன் கண்ட கனவு. நண்பர் ஸ்டானிஸ்வாஃப் உலாம் தந்த யோசனையின் பேரில், அதற்காகவே அவர் கட்டப்பலகையைக் கையில் எடுத்தார். அவருக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் 29 நிலைகள் தேவைப்பட்டன. கான்வேயின் பலகையில் இரண்டே நிலைகளில் அது நடந்தது. வேறு சிலர் அலைவுகளைத் தேடினார்கள். 2 தலைமுறைக்கு ஒருமுறை திரும்பும் உருவம், 3-க்கு ஒருமுறை, 15-க்கு ஒருமுறை என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உருவம் உண்டா என்பது கேள்வி. பெரிய எண்களுக்கெல்லாம் விடை கிடைத்துவிட்டது. சில சின்ன எண்கள் மட்டும் பல ஆண்டுகள் தண்ணி காட்டின. கடைசியாக எஞ்சிய 19-க்கும் 41-க்கும் 2023-இல் உருவங்கள் அகப்பட்டன. விதிகள் அச்சான நாளிலிருந்து எண்ணினால், அந்தக் கேள்வி முடிய 53 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கண்டுபிடித்தவர்களில் பொழுதுபோக்காக ஆடுகிறவர்களும் உண்டு.

கான்வே 2020 ஏப்ரல் 11 அன்று நியூ ஜெர்சியில் கொரோனா தொற்றால் காலமானார். தம்முடைய மற்றக் கணிதப் பணிகளை இந்த ஆட்டம் மறைத்துவிட்டதே என்ற எரிச்சல் அவருக்கு இருந்தது. அந்த எரிச்சலில் நியாயமும் இருந்தது. ஆனால் அவருடைய ஆழமான தேற்றங்களைப் படிக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். இதை ஆட எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். மேலே வரிசைக் காய்களின் கதையைப் பத்தோடு நிறுத்தினேன். பதினொன்றுக்கு என்ன நடக்கும் என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கட்டம் போட்ட நோட்டை எடுத்து, 11 காய்களை வரிசையாக வைத்து, முதலில் உங்கள் ஊகத்தைத் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.